சௌசௌவுக்கு இத்தனை முகங்களா?

சௌசௌ என்றதும் வெளிர்பச்சையில் பேரிக்காய் மாதிரி ஒன்றுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அது பிறந்த மெக்சிகோ பக்கத்து மலைகளில் வெள்ளை முதல் கரும்பச்சை வரை, உருண்டை, நீளம், ஆழமாக வரிப்பள்ளம் விழுந்தது, வழவழப்பானது, உடம்பெல்லாம் முள்ளானது (உரிக்கும்போது கை ஜாக்கிரதை) என்று ஏகப்பட்ட ரகம். சிக்கிம், மிசோரம் மலைகளிலும் வகைகளுக்குக் குறைவில்லை. ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாகப் பூத்து, தேனீக்கள் ஒரு கொடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதால், விதையிலிருந்து வரும் கன்று தாய்க்கொடியைப் போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது.

எனக்குப் பிடித்தது விதைதான். பூசணிக் குடும்பமாம், ஆனால் காய்க்கு ஒன்றே ஒன்று, தட்டையாக, மெல்லிய தோலோடு. அதற்கு உறக்கம் என்பதே கிடையாது, பறிக்காமல் விட்டால் கொடியில் தொங்கும்போதே காய்க்குள் முளைத்து வெளியே எட்டிப்பார்க்கும். அதனால் நெல், கம்பு மாதிரி உலர்த்திக் குளிரில் சேமித்து வைக்க வழியில்லை. ஒரு ரகத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கொடியாகவே வளர்த்துக்கொண்டிருக்க வேண்டும், சந்தையோ வழவழப்பான பச்சைக் காயை மட்டும்தான் கேட்கிறது, முள்காயை யார் வேலைமெனக்கெட்டு வைத்திருப்பார்கள்?