எம்டிஎம்மா, ஆர்எம்எம்மா?

கம்பெனியின் போன், லேப்டாப், சர்வர்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க எம்டிஎம் (மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட்) வாங்குவதா, ஆர்எம்எம் (ரிமோட் மானிட்டரிங் அண்ட் மேனேஜ்மென்ட்) வாங்குவதா? இந்தக் கேள்வி எழும் கூட்டங்களில் யாராவது ஒருவர் எக்செல் ஷீட்டோடு வந்துவிடுவார். பேட்ச் (பிழை திருத்தும் அப்டேட்) போடுமா, ஆப் இன்ஸ்டால் செய்யுமா, ரிப்போர்ட் தருமா என்று வரிசையாகக் கேட்டால் இரண்டு பக்கமும் டிக் விழும். விற்க வருகிறவர்களும் எல்லாவற்றுக்கும் ஆமாம்தான் சொல்வார்கள். பல வருடம் ஐடி வேலை பார்த்த பிறகு அந்த ஷீட்டை நான் திறப்பதே இல்லை. சாதனப் பட்டியலைக் கொடுங்கள் என்கிறேன். போன் எத்தனை, லேப்டாப் எத்தனை, சர்வர் எத்தனை, அதில் எது கம்பெனியுடையது, எது ஊழியரின் சொந்தம். பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. எம்டிஎம், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைச் செய்தவரே கொடுத்திருக்கும் வசதியை வைத்து இயங்குவது. ஆப்பிள் 2010-இல் ஐஓஎஸ் 4-உடன் அதைக் கொடுத்தது. பாஸ்கோடு கட்டாயம், டிஸ்க் என்க்ரிப்ஷன் கட்டாயம், தொலைந்தால் அழித்துவிடு என்ற மாதிரியான கட்டளைகள். கொடுத்ததற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. ஆர்எம்எம்மோ ஏஜென்ட் என்ற சிறு புரோகிராமை இயந்திரத்துக்குள் உட்கார வைக்கிறது. விண்டோஸில் அது சிஸ்டம் அக்கவுன்ட்டின் முழு உரிமையோடு ஓடும். எந்த சர்வீஸ் நின்றது, பேக்கப் முடிந்ததா என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்க்கும், நாம் எழுதிய பவர்ஷெல் ஸ்க்ரிப்டை (விண்டோஸ் கட்டளைத் தொகுப்பை) ஓட்டும். ஐபோனில் அப்படி ஒரு ஏஜென்டுக்கு இடமே கிடையாது. மறுபக்கம், மைக்ரோசாஃப்ட்டின் எம்டிஎம்மான இன்ட்யூனில் விண்டோஸ் சர்வரை என்ரோல் செய்ய (பதிவு செய்து சேர்க்க) முடியாது.

கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் கூப்பிடுகிறார்: "சார், லேப்டாப் நகரவே மாட்டேங்குது." எம்டிஎம் கன்சோலில் (நிர்வாகத் திரையில்) பார்த்தால் அந்த லேப்டாப் பச்சை, எல்லாம் விதிப்படி. டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யும் பிட்லாக்கர் இருக்கிறது, விண்டோஸ் பதிப்பு சரி, பாஸ்வேர்டு சரி. உள்ளே போய்ப் பார்த்தால் அவுட்லுக் மெயிலைச் சேமிக்கும் ஓஎஸ்டி ஃபைல் ஊதிப்போய் சி டிரைவில் சில நூறு எம்பிதான் மிச்சம். விதிமுறைப் பட்டியலில் டிஸ்க் இடம் இல்லை, அதனால் பச்சை. தவிர, என்ரோல் ஆகிச் சில மணி நேரம் போய்விட்டால் விண்டோஸ் லேப்டாப் இன்ட்யூனிடம் தானாகப் பேசுவது ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். ஆர்எம்எம் இருந்திருந்தால் காலி இடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனதுமே எங்களுக்கு டிக்கெட் (புகார்ப் பதிவு) விழுந்திருக்கும்.

ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது கதை தலைகீழ். லேப்டாப்பை ரீசெட் செய்தால் ஆர்எம்எம் ஏஜென்டும் டிஸ்க்கோடு சேர்ந்து போய்விடும். எம்டிஎம்மோடு சேர்ந்து இயங்கும், கம்பெனி சாதனங்களின் பதிவேடான மைக்ரோசாஃப்ட் ஆட்டோபைலட்டிலோ ஆப்பிள் பிசினஸ் மேனேஜரிலோ பதிவான சாதனம் அப்படியில்லை. ரீசெட் ஆகி, மறுபடி இன்டர்நெட்டைத் தொட்டதும் கம்பெனி லாகின் கேட்கும், திருடியவர் கையில் இருந்தாலும் சரி. சொந்த போன் என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "என் போட்டோ எல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" ஆண்ட்ராய்டில் அலுவலக ஆப்களைத் தனியாகப் பிரித்து வைக்கும் வொர்க் புரொஃபைலில் தெரியாது. அழித்தாலும் அலுவலகப் பக்கம் மட்டும்தான் போகும். தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டையும் வாங்கும் இடங்களில் சண்டை பேட்சில்தான் வரும். பல ஆர்எம்எம்கள் பேட்ச் வேலையை எடுத்துக்கொள்ளும்போது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடத்தில்) நோஆட்டோஅப்டேட்டை 1 ஆக்கி, விண்டோஸின் தானியங்கி அப்டேட்டை நிறுத்தும். இன்ட்யூன் பக்கம் அப்டேட் ரிங் (அப்டேட் எப்போது போக வேண்டும் என்ற விதி) போட்டவருக்கு இது தெரியாது. தன் கன்சோலில் பாலிசி போய்ச் சேர்ந்தது என்று காட்டுவதைப் பார்த்துத் திருப்தியாக இருப்பார். லேப்டாப்போ போன மாத பேட்ச் இல்லாமல் கிடக்கும். பேட்ச் யார் பொறுப்பு என்று ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து, மற்றதில் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். இரண்டில் எது என்பது அவ்வளவு முக்கியமில்லை.

ஆபத்தும் ஒரே அளவு அல்ல. 2021 ஜூலை 2-ஆம் தேதி ஆர்-ஈவில் (REvil) கும்பல் கசேயா விஎஸ்ஏ என்ற ஆர்எம்எம்மின் ஓட்டை வழியாக ரான்சம்வேரை (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருளை) அனுப்பியது. கசேயாவின் கணக்குப்படி நேரடியாகச் சிக்கிய வாடிக்கையாளர்கள் 60-க்கும் குறைவு. ஆனால் தங்கள் ஐடி வேலைக்கு அவர்களை நம்பியிருந்த நிறுவனங்கள் 1,500 வரை. முழு உரிமையோடு ஓடும் ஏஜென்ட் யார் சொன்னாலும் கேட்கும். எம்டிஎம் கன்சோல் கைமாறினாலும் மொத்த சாதனங்களையும் அழிக்கலாம், அது வேறு விஷயம். எதை வாங்கினாலும் அட்மின் லாகினுக்கு இரண்டாம் சரிபார்ப்பு இல்லாமல் முதல் சாதனத்தைக்கூடச் சேர்க்க நான் சம்மதிப்பதில்லை. அப்புறம், எம்டிஎம் ஐபோனோடு பேசத் தேவையான ஆப்பிளின் புஷ் சான்றிதழ். வருடத்துக்கு ஒருமுறை, வாங்கிய அதே ஆப்பிள் கணக்கில் புதுப்பிக்க வேண்டும். யாரோ ஒருவரின் தனிப்பட்ட பெயரில் அந்தக் கணக்கைத் திறந்து, அவரும் போய்விட்டால் ஐபோன்கள் எல்லாவற்றையும் மறுபடி என்ரோல் செய்ய நேரலாம்.

சர்வரே இல்லாத, போனும் லேப்டாப்பும் மட்டும் வைத்திருக்கும் நிறுவனம் கேட்டால் எம்டிஎம்மை முதலில் வாங்கச் சொல்வேன். சர்வர் இருந்தால் ஆர்எம்எம் வேண்டும். அங்கேயும் முதலில் ஒன்று கேட்பேன்: ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் வந்தால் யார் பார்ப்பார்கள்? பொது மெயில்பாக்ஸுக்குப் போகும் என்று பதில் வந்தால், அந்த மெயில்பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்வேன். படிக்காத மெயில் ஆயிரக்கணக்கில் கிடந்தால் ஆர்எம்எம் இப்போதைக்கு வேண்டாம், அந்தப் பணத்தில் ஓர் ஆளைப் போடுங்கள்.