பதினைந்து நிமிடம் புத்தி சொல்லாமல்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சமூக மையத்தில், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வந்து ஒருவரோடொருவர் பழகக் கற்கும் குடும்ப வகுப்புகளில் உதவியாளராக இருக்கிறேன். உதவியாளர் என்றால் எல்லாம்தான். முதல் நாளே வீடுவீடாகத் தொலைபேசி எடுத்து நினைவூட்டுவது, கதிரை போடுவது, வாசலில் குவியும் பனிச் சப்பாத்துகளைச் சோடி சேர்ப்பது, மார்க்கம் வீதிக் கடையிலிருந்து கொத்துரொட்டி எடுத்து வருவது. சாப்பாடு இல்லாவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை முடிந்து களைத்து பஸ் இறங்கும் தாய், வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வகுப்புக்கு வரவேண்டும் என்றால் யாரால் முடியும்?

நாங்கள் பின்பற்றும் முறை, 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கரோல் கம்ப்ஃபர் உருவாக்கியது. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்த பெற்றோரின் பிள்ளைகளுக்காகத்தான் முதலில் தொடங்கினார்கள்; பிறகு மற்றக் குடும்பங்களுக்கும் விரிந்தது. 14 வாரம். ஒவ்வொரு வாரமும் முதல் ஒரு மணி நேரம் பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் இன்னோர் அறையில். அடுத்த மணி நேரம் எல்லோரும் ஒன்றாக.

அந்த முதல் மணி நேரத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கேட்டுக் குறிப்பெடுப்பதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். ஒருமுறை, பிள்ளையைக் குற்றம் சொல்லாமல் தன் மனதில் இருப்பதைச் சொல்லும் பயிற்சி நடந்தது. "நீ இப்படிச் செய்யும்போது எனக்கு இப்படி இருக்கிறது" என்ற வாய்பாடு. ஒரு தாய் எழுந்து சொன்னார்: "நீ அறையைக் கூட்டாமல் விடேக்க, உன்னைப் பெத்ததே வீண் எண்டு எனக்கு இருக்குது." வாய்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. திட்டு மட்டும் அப்படியே இருந்தது. அறை முழுக்கச் சிரிப்பு, அவரும் சேர்ந்து சிரித்தார்.

விஷயம் வெளிப்படுவது இரண்டாவது மணி நேரத்தில்தான். பிள்ளை விளையாட்டை நடத்தும். பெற்றோர் கூட இருக்கவேண்டும். கட்டளை இல்லை, கேள்வி இல்லை, திருத்தம் இல்லை. வேண்டுமானால் பிள்ளை செய்வதைப் பார்த்துச் சொல்லலாம், அவ்வளவுதான். வீட்டிலும் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் இப்படி. கேட்க லேசு. இரவு வேலைக்குப் போகும் தகப்பன் ஒருவர், மகன் லெகோ கட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "அடியைப் பலமா வை." கட்டளை. "அது என்ன கலர்?" கேள்வி. இரண்டும் கூடாது என்று நான் தலையசைக்க, "அப்ப நான் எதைத்தான் கதைக்கிறது, தங்கச்சி?" என்றார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. பிள்ளையோடு கதைப்பது என்றால் அவருக்குத் தெரிந்தது விசாரிப்பதும் புத்தி சொல்வதும்தான். அவரிடமும் வீட்டில் அப்படித்தான் கதைத்திருப்பார்கள். சரி என்று வாயை மூடிக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் பெடியன் ஒரு துண்டை அவர் கையில் வைத்து, "அப்பா, ஹோல்ட் திஸ்" என்றான். அதன்பிறகு பள்ளிக்கூடத்துச் சண்டை ஒன்றைப் பாதி ஆங்கிலம், பாதி தமிழில் தானாகவே சொல்லத் தொடங்கினான். "இது எனக்குத் தெரியாதே" என்று தகப்பன் என்னைப் பார்த்தார். மறுபடி மகனைக் கேள்வி கேட்க வாயெடுத்து, நல்லவேளை, நிறுத்திக்கொண்டார்.

பெற்றோருக்கு மட்டும் ஒரு சனிக்கிழமை சொற்பொழிவு வைத்தால் செலவு குறைவு, கூட்டமும் சேரும் என்று அடிக்கடி சொல்கிறார்கள். சேரும்தான். பிள்ளைக்குச் சொல்ல இன்னும் நாலு புத்திமதியோடு வீட்டுக்குப் போவார்கள். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது, ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கும்போது செய்து பார்த்தால்தான் இது கைவரும்.

அடுத்த தொடருக்கு நான் கேட்டவை இரண்டு: பிள்ளைகளின் அறைக்கு இன்னொரு ஆள், இரவு வேலை செய்யும் தகப்பன்மார் வரக்கூடியதாக ஞாயிறு பின்னேரம் ஒரு வகுப்பு. ஞாயிறுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆளுக்குப் பணம் இல்லையாம்; வளர்ந்த பிள்ளைகள் உள்ள அம்மாமார் இரண்டு பேரைக் கேட்டு வைத்திருக்கிறேன்.