சாம்பல் நிறத்தில் கிடந்த பாட்டு

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. என் முதல் ஆல்பத்தின் நாலாவது பாட்டை அவருடைய அப்பா கடைசி நாட்களில் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாராம். அப்பாவின் நினைவு நாளன்று பிளேலிஸ்ட்டைத் திறந்தால், அந்த ஒரு பாட்டு மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்ததாம். தொட்டாலும் ஓடவில்லை. "வேறு எங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

போய்ப் பார்த்தேன். அந்த ஒரு பாட்டு மட்டுமில்லை, ஒன்பதுமே மங்கிக் கிடந்தன. ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனம், பாட்டுகளை இணையத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டரோடு இருந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறது. எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து, பழைய வெளியீடுகளை மறுபரிசீலனை செய்துவருவதாக இரண்டு வரி பதில் வந்தது. அதற்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை.

அந்த ஒன்பது பாட்டின் மாஸ்டர் ஃபைல்களும், அதாவது முடித்த மூல ஒலிப்பதிவுகளும், என் மேஜை டிராயரில், ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அன்றைக்கு எடுத்துப் போட்டுக் கேட்டேன். மூச்சு விடும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. பாடியது நான், எழுதியது நான், ராத்திரி இரண்டு மணி வரை மிக்ஸிங்கில் உட்கார்ந்ததும் நான். ஆனால் அதை அந்த மகனுக்கு எட்டும்படி வெளியிட எனக்கு உரிமை இல்லை. 24 வயதில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் அது எழுதியிருக்கிறது. ஒலிப்பதிவின் உரிமை, காப்புரிமை நீடிக்கும் காலம் முழுக்க, நிறுவனத்துக்கு.

இப்போது நானே ஒரு லேபிள், அதாவது பாட்டுகளை வெளியிடும் நிறுவனம், நடத்துகிறேன். தாங்களும் ஒன்று தொடங்கலாமா என்று கேட்டுப் பலர் எனக்கு எழுதுகிறார்கள். வருமானம் கூடுமா, ஆட்கள் மதிப்பார்களா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அதை ஒரு நாள் ஒரு அறையில் பாடி, வாசித்து, பதிவு செய்த அந்த ஒலி இன்னொன்று. முதலாவது மட்டும்தான் சொத்து என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்; அது என்னிடமே இருந்ததால் எல்லாமே என்னிடம் இருப்பதாகத் தோன்றியது. எந்த ஆல்பத்தின் விவரப் பக்கத்திலும் கீழே பாருங்கள், வட்டத்துக்குள் 'பி' என்ற எழுத்தும், ஒரு வருஷமும், ஒரு பெயரும் இருக்கும். பெரும்பாலும் அந்தப் பெயருக்கு உரியவர்தான் ஒலிப்பதிவின் சொந்தக்காரர். 1961 ரோம் உடன்படிக்கையில் வந்த குறி அது. அந்த மெயிலுக்குப் பிறகு எந்த ஆல்பத்தைத் திறந்தாலும் என் கண் முதலில் அந்த வரிக்குத்தான் போகிறது.

அடுத்தது கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தம் கையில் வரும்போது யாரும் இதைப் போட்டுக் காட்டுவதில்லை. ஒலிப்பதிவுக்கு நிறுவனம் 1,00,000 செலவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். உங்கள் ராயல்டி, அதாவது வருமானத்தில் உங்கள் பங்கு, 15 சதவீதம். அந்தச் செலவை உங்கள் பங்கிலிருந்து கழித்துக்கொள்வதாக ஒப்பந்தம் சொல்கிறது. அப்படியானால் வருமானம் 1,00,000 ஆனதும் கடன் தீராது. உங்கள் 15 சதவீதம் சேர்ந்து சேர்ந்து 1,00,000 ஆக வேண்டும். அதற்கு மொத்த வருமானம் 6,66,000-ஐத் தாண்ட வேண்டும். அதுவரை உங்கள் கைக்கு ஒன்றும் வராது. அதற்குள் நிறுவனம் போட்ட பணத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் எடுத்திருக்கும். செலவை ஒரு வழியாக அடைத்து முடித்த பிறகும் ஒலிப்பதிவு உங்களுடையது ஆகாது. வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவருக்குப் பத்திரமாவது கைக்கு வரும்.

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் உண்டு. பத்துப் பேர் மேல் பணம் போட்டால் ஓரிருவர்தான் திருப்பித் தருகிறார்கள் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. நல்ல லேபிள்கள் இருக்கின்றன, கணக்கை ஒழுங்காக அனுப்புகிறவர்களையும் தெரியும். எனக்கு வாய்த்தது அப்படி இல்லை, அவ்வளவுதான்.

வரியும் மெட்டும் என்னுடையவை என்பதால், மறுபடி பாடிப் பதிவு செய்தால் அந்தப் புது ஒலிப்பதிவு என்னுடையதாக இருக்கும். ஆனால் அப்படிச் செய்ய ஐந்து வருஷத் தடை ஒப்பந்தத்தில் இருந்தது. மெயில் வந்தபோது அது முடிய எட்டு மாதம் பாக்கி. காத்திருந்தேன். அந்த எட்டு மாதத்தில்தான் லேபிள் வேலையைப் படித்தேன். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019-இல் கைமாறியதும், அவர் 2021-இலிருந்து அவற்றில் நாலை ஒவ்வொன்றாக மறுபடி பாடி வெளியிட்டதும், 2025-இல் பழைய மாஸ்டர்களை விலைக்கே வாங்கிக்கொண்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிட நெருக்கமாகப் பட்டவை பழைய கதைகள்.

1952-இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் சார்லஸ் மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும் டெபியூ ரெக்கார்ட்ஸ் என்று சொந்த லேபிள் தொடங்கினார்கள். ஒருவர் பேஸ் வாசிப்பவர், ஒருவர் டிரம்மர். அடுத்த வருஷம் டொராண்டோவில் மாஸி ஹாலில் நடந்த கச்சேரியை ஒலிப்பதிவு செய்து அந்த லேபிளில் வெளியிட்டார்கள். கேட்டுப் பார்த்தபோது பேஸ் சத்தமே எடுபடவில்லை, அதனால் மிங்கஸ் தன் பகுதியை ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துச் சேர்த்தார். லேபிள் அவருடையது என்பதால், யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே பதிவில் சாக்ஸபோன் வாசித்தவர் சார்லி பார்க்கர். வேறொரு நிறுவனத்தோடு அவருக்கு ஒப்பந்தம் இருந்ததால் அவர் பெயரைப் போட முடியாமல், உறையில் 'சார்லி சான்' என்று அச்சிட்டார்கள். வாசித்தது அவர், பெயர் வேறு. படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்று 1980, வாஷிங்டன். டீன் ஐடில்ஸ் என்ற பங்க் இசைக்குழு கலைந்துவிட்டது. கச்சேரிகளில் வந்ததைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்ததில் 600 டாலர் சொச்சம் மிஞ்சியது. பங்கு போட்டுக்கொள்ளாமல் அந்தப் பணத்தில் 1,000 இசைத்தட்டு போட்டார்கள். உறைகளைக் கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். அப்படி வந்ததுதான் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். தங்கள் ஊர்க் குழுக்களின் இசையைப் பதிந்து வைப்பதே அதன் வேலை. எழுத்து ஒப்பந்தம் இல்லை, செலவு போக மிஞ்சுவதைக் குழுவோடு பகிர்ந்துகொள்வார்கள். கலைந்துபோன குழுவின் பாட்டு இன்றைக்கும் கிடைக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

சரி, உன் பெயரிலேயே பாட்டை ஏற்றிவிடலாமே, லேபிள் எதற்கு என்று கேட்பார்கள். தனியாக உட்கார்ந்து வாசித்துப் பாடுகிறவருக்கு அது போதும். எங்கள் பாட்டில் மூன்று பேர் இருக்கிறோம். பணம் என் சொந்தக் கணக்குக்கு வந்து, வீட்டுச் செலவோடு கலந்து, நினைவு வரும்போது மற்ற இரண்டு பேருக்கும் நான் எடுத்துக் கொடுப்பது என்றால் நானே இன்னொரு மோசமான நிறுவனம் ஆகிவிடுவேன். லேபிள் என்று ஒன்று இருந்தால் அதற்குத் தனி வங்கிக் கணக்கு, தனி நோட்டு, யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட ஒரு தாள் இருக்கும். வெளியே இருப்பவர்களுக்கும் அனுமதி கேட்க ஒரு முகவரி கிடைக்கும். போன வருஷம் ஒரு குறும்பட இயக்குநர் எங்கள் பாட்டு ஒன்றைக் கேட்டு எழுதினார். படத்தில் பயன்படுத்த, பாட்டு எழுதியவர், ஒலிப்பதிவின் சொந்தக்காரர் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் அனுமதி வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததால் அன்றைக்குச் சாயங்காலமே கடிதம் அனுப்ப முடிந்தது.

தொடங்குவதற்கான வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. பெயர், கணக்கு, ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். கவனமாக இருக்க வேண்டிய ஒன்று ஐ.எஸ்.ஆர்.சி. எண். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்தும் எண்ணுமாகச் சேர்ந்த ஓர் அடையாளம் அது. பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டரே கொடுத்துவிடுவார். பிற்பாடு வேறு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறும்போது பழைய எண்ணையே கொடுக்காவிட்டால், அதே பதிவு புதுப் பாட்டாகக் கணக்காகி, இதுவரை கேட்டவர்களின் எண்ணிக்கையும் பிளேலிஸ்ட்டுகளில் இருந்த இடமும் போய்விடலாம். அதனால் அந்தப் பட்டியலை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன்.

தடை முடிந்த வாரமே ஒன்பது பாட்டையும் மறுபடி பதிவு செய்யத் தொடங்கினோம். முதல் நாள், பாட்டுக்கு முன்னாலேயே, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதும் தாளை எடுத்து வைத்தேன். டிரம்ஸ் பெட்டியின் மேல் வைத்து எழுதினோம். டிரம்மர் என்னைவிடச் சின்னவன், பத்து வருஷமாக ஊர் ஊராய்ப் பலருக்கும் வாசிக்கிறவன். "எனக்கு நாள் சம்பளம் கொடுத்தால் போதும்க்கா" என்றான். சம்பளம் தனி, ஒலிப்பதிவில் பங்கு தனி என்றேன். எவ்வளவு என்று மூன்று பேரும் பேசினோம். நாலாவது பாட்டின் நடுவில் வரும் நிறுத்தம் அவன் கொண்டுவந்தது, அந்தப் பாட்டில் மெட்டிலும் அவனுக்குப் பங்கு வேண்டும் என்று பேஸ் வாசிக்கிறவர் சொன்னார். அது எனக்குத் தோன்றவே இல்லை. சரிதான் என்று எழுதினோம்.

விவரப் படிவத்தில் வட்டத்துக்குள் பி வரும் கட்டத்தில் எங்கள் லேபிளின் பெயரைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். வெளியான அன்று, மெயில் எழுதிய அந்த மகனுக்கு முதலில் இணைப்பை அனுப்பினேன். அப்பா கேட்ட பதிவு இதுவல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டு நீளமாக எழுதியிருந்தார்.

ஆறு மாதம் கழித்து முதல் கணக்கு. வந்தது, செலவு, மிச்சம், அவரவர் பங்கு என்று ஒரே பக்கம். தொகை பெரிதில்லை. டிரம்மர் அதைப் பணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முழுதாகப் படித்தான். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக. அப்புறம், "இத்தனை வருஷத்தில் எனக்கு யாருமே கணக்குக் காட்டியதில்லைக்கா" என்றான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் லேபிள் நடத்துவது எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது.

இந்த வருஷம் முதல்முறையாக வேறொருவரின் ஆல்பத்தை வெளியிடுகிறோம். 22 வயதுப் பெண், தனியாக எழுதிப் பாடுகிறவள். ஒப்பந்தத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் மேஜையின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. விளம்பரச் செலவு, போக்குவரத்து, என் நேரம் எல்லாவற்றையும் அவள் பங்கிலிருந்து கழிக்க எனக்கே கை போனது. அடித்துவிட்டு, செலவைப் பொதுவில் கழித்து மிச்சத்தில் பாதிப் பாதி என்று எழுதினேன். மாஸ்டர் அவளுடையது. ஐந்து வருஷத்துக்கு வெளியிடும் உரிமை மட்டும் எங்களுக்கு.

அவள் மூன்று நாள் வைத்துப் படித்தாள். திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நடுவில் நீங்கள் லேபிளை மூடிவிட்டால் என்ன ஆகும்க்கா?"

அதை நான் எழுத மறந்திருந்தேன், இத்தனைக்கும் பிறகு. அவள் எதிரிலேயே ஒரு வரி சேர்த்தேன். ஆல்பம் எந்தக் காரணத்தாலாவது தொடர்ந்து 30 நாள் கேட்கக் கிடைக்காமல் போனால், உரிமை தானாகவே அவளிடம் திரும்பிவிடும், எங்களுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டாள்.