அம்மாவுக்குச் சொன்ன கொழும்பு

இரவு பஸ் எங்களை வெள்ளவத்தையில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. காலி வீதியில் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்க, ஒரு சைவக் கடை மட்டும் லைட்டைப் போட்டுவிட்டு வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் பையும் மறுகையில் அம்மாவுமாக நின்றேன். "விடிஞ்சிட்டுதோ பிள்ளை?" என்று அம்மா கேட்டார். தெருவிளக்கின் மஞ்சளைச் சூரியன் என்று நினைத்துவிட்டார்.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு கண்ணிலும் புரை. யாழ்ப்பாணத்திலும் இந்த ஒப்பரேஷன் செய்கிறார்கள்தான். ஆனால் சித்தி வெள்ளவத்தையில் இருக்கிறார், இங்கே வந்து நின்று ஆறுதலாகச் செய்துகொண்டு போங்கோ என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் சொல்லிக்கொண்டே இருந்தார். சரி, பள்ளிக்கூட விடுமுறையும் வருகிறது, போவோம் என்று சாவகச்சேரியிலிருந்து வெளிக்கிட்டோம். ஒன்பது நாள் நின்றோம். நான் ஆறாம் ஏழாம் வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு காலத்தில் சிறுகதைகள் எழுதினேன், சில சஞ்சிகைகளில் வந்தன. பிறகு நின்றுபோனது. எழுத என்ன இருக்கிறது, வீடு, பள்ளிக்கூடம், சந்தை, திரும்ப வீடு என்று என்னையே நான் நம்பவைத்துப் பதினொரு வருஷம் ஓடிவிட்டது.

முதல் நாள் கண் அளவெடுக்கப் போக வேண்டியிருந்தது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில்தான் நல்லது, சுமார் இருபது நிமிடம், பாதி வழிக்கு மேல் கடல் பக்கத்திலேயே வரும். காலை ஒபிஸ் நெரிசல் போகட்டும் என்று பொறுத்திருந்து ஏறினோம். அப்படியும் இடம் கிடைக்கவில்லை. எதிரே பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிங்களப் பிள்ளையும் அவளுடைய அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மா எங்களைப் பார்த்தார், மகளின் தோளைத் தட்டினார், யன்னலோரத்து இடம் அம்மாவுக்கு வந்துவிட்டது.

"இப்ப என்ன தெரியுது?" என்று அம்மா கேட்டார்.

"கடல் அம்மா."

"கடல் எண்டு எனக்கும் தெரியும். இரையுது, உப்பு மணக்குது. எப்பிடிக் கிடக்கெண்டு சொல்லு."

"நீலமாக் கிடக்கு."

"எங்க நீலம்? கரையிலயோ, தூரத்திலயோ?"

அப்போதுதான் நான் பார்த்தேன். இந்தப் பாதையில் இருபது முறையாவது போயிருப்பேன், கடல் நீலம் என்று எனக்குப் பாலர் வகுப்பிலேயே தெரியும், அதனாலேயே பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கரையில் நீலமே இல்லை. கல்லடியில் பால் குறைவாக விட்ட தேத்தண்ணி நிறம், அதைத் தாண்டி ஒரு கலங்கல் பச்சை, தூரத்தில்தான் நீலம், அந்த நீலத்துக்கு நடுவிலும் மேக நிழல் விழுந்து கறுப்பாக ஒரு திட்டு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இதை நான் சொல்லச் சொல்ல அம்மா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பம்பலப்பிட்டி கழிந்ததும் கல்லின் மேல் ஒரு சோடி குடை பிடித்துக்கொண்டிருக்கிறது என்றேன். "மழை இல்லையே, வெயிலும் பெரிசா இல்லை, என்னத்துக்குக் குடை?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே "சரி சரி, விளங்குது" என்று சிரித்துவிட்டார்.

அந்தச் சின்னப் பிள்ளைக்கு நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று அறிய ஆசை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். உடனே அவளும் சேர்ந்துவிட்டாள். அவள் சிங்களத்தில் சொல்வாள், நான் தமிழில் அம்மாவுக்குச் சொல்வேன். தூண்டில் போடுகிற ஒருவரை நானும் கண்டேன், ஆனால் அவருக்குப் பின்னால் இரண்டு கல் தள்ளி ஒரு நாய் மீனுக்காகக் காத்திருந்ததை அவள்தான் கண்டாள். கொள்ளுப்பிட்டி தாண்டி ரயில் கடலை விட்டு உள்ளே திரும்பியதும் "இனி என்ன வரும்?" என்று அம்மா கேட்க, பேரை வாவி வரும், கொக்கு வரும், அப்புறம் தாமரைக் கோபுரம் தெரியும் என்று அவள் வரிசையாகச் சொன்னாள். கோபுரம் எவ்வளவு உயரம் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும். 350 மீற்றர் அளவில் என்று சொன்னால் அம்மாவுக்கு அது ஒன்றையும் சொல்லாது. நல்லூர்க் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்க வேண்டும் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கோட்டை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரம்தான் அதிகம். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு ஐயா, பொல்லாத கதைகாரர். எங்கட நாட்டுக் கண்கள் உலகத்தில் எத்தனையோ இடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன தெரியுமோ என்று தொடங்கினார். ஹட்சன் சில்வா என்ற டொக்டர் 1961இல் கண்தான சங்கத்தைத் தொடங்கியதையும், 1964இல் விழிவெண்படலங்களைத் தேர்மொஸ் போத்தலில் ஐஸ் வைத்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனதையும், தன் தாய் இறந்தபோது அவருடைய கண்ணையே எடுத்து ஒரு ஏழை விவசாயிக்கு வைத்ததையும் சொன்னார். அம்மா கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அவர் எழுந்து போனதும் என் காதுக்குள் "எனக்கும் ஆற்றையோ கண்ணைத்தான் வைக்கப்போயினமோ?" என்றார். தாதிதான் வந்து விளக்கினார். அது கண்ணின் முன்பக்கத்துப் படலம் பழுதானவர்களுக்கு, உங்களுக்கு உள்ளே இருக்கிற லென்ஸ் மங்கிவிட்டது, அதை எடுத்துவிட்டு ஒரு செயற்கை லென்ஸ் வைப்பார்கள், அந்த லென்ஸுக்குத்தான் இன்றைக்கு அளவெடுக்கிறோம் என்றார். அம்மாவுக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் வலக்கண்ணுக்கு ஒப்பரேஷன். அரை மணித்தியாலம்கூட இல்லை. கண்ணுக்கு மூடி போட்டு மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா படுத்துவிட்டார், சித்தி பக்கத்தில் இருந்தார். "நீ ஏன் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறாய், போய்ப் பாத்திட்டு வந்து பின்னேரம் எனக்குச் சொல்லு" என்று அம்மா துரத்திவிட்டார்.

அன்றைக்குப் புறக்கோட்டையில் நான் நடந்த நடையை மறக்க மாட்டேன். எத்தனையோ முறை போன இடம். சீலை வாங்க, சாமான் வாங்க, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி ஓடி வாங்கி ரயிலைப் பிடிக்கிற இடம். இந்த முறை வாங்க ஒன்றுமில்லை, சொல்ல மட்டும்தான் வேண்டும். முதலில் கோட்டைப் பக்கம் போய்ச் சதாம் வீதி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றேன். ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி வரைந்து கொடுத்த வடிவத்தில் 1857இல் கட்டி முடித்த கோபுரம் அது. பிறகு அதன் மேலேயே வெளிச்ச வீட்டு விளக்கையும் வைத்துக் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள். சுற்றிவரக் கட்டடங்கள் எழும்பி எழும்பி வெளிச்சம் கடலுக்குப் போகாமல் மறைந்துவிட்டதால் 1952இல் விளக்கை நிறுத்திவிட்டார்கள். மணிக்கூடு மட்டும் நிற்கிறது.

அங்கிருந்து இரண்டாம் குறுக்குத் தெரு. சிவப்புப் பள்ளிவாசலை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று எதிர்க்கடை வாசலில் நெடுநேரம் நின்றேன். 1909இல் கட்டி முடித்தது, ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை என்பவர் அமைத்தது, அவர் முறையாகக் கட்டடக்கலை படித்தவர் இல்லை. இவை எல்லாம் தெரிந்திருந்தும் உதவவில்லை. சிவப்பும் வெள்ளையுமாக வரி வரியாக என்றால் போதுமா? சில இடத்தில் வரி படுத்திருக்கிறது, சில தூணில் முறுக்கிக்கொண்டு ஏறுகிறது, சில சுவரில் சதுரம் சதுரமாக உடைந்துவிடுகிறது. மேலே இருக்கிற குமிழ்கள் மாதுளம்பழம் மாதிரி, அந்தக் காம்பும் முடியுமாக. மாதுளை என்ற சொல் வாயில் வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படி ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துப் பதினொரு வருஷம்.

நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், மிளகாய், பருப்பு மொத்த வியாபாரம். லொறிக்கும் கடைக்கும் நடுவில் நாட்டாமிமார் மூட்டை சுமந்தபடி ஓடிக்கொண்டிருந்தார்கள். வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன். வயதான ஒரு நாட்டாமி, முதுகில் மூட்டை அழுத்தாமல் இருக்க மடித்துத் தைத்த சாக்கு ஒன்று, மெத்தை மாதிரி. அதன் ஓரத்துக்குச் சீலைக்கரை ஒன்றை வைத்து யாரோ தைத்துக் கொடுத்திருந்தார்கள். வெங்காயச் சருகும் தூசியும் படிந்த அந்தச் சாக்கில் அந்தக் கரை! அவர் போய்விட்டார், நான் அங்கேயே நின்றேன்.

பின்னேரம் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு அணைந்த கோபுரத்தைக் கேட்டதும் "என்ரை கண்ணைப் போல, விளக்கு இருந்தது, வழிதான் மறைஞ்சு போச்சு" என்றார். பள்ளிவாசலுக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நாட்டாமியின் சாக்குக்கு வந்தபோது எழும்பியே உட்கார்ந்துவிட்டார். அம்மா நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் சட்டை தைத்தவர். "என்ன நிறக் கரை? கையால தைச்சதோ மெசினில தைச்சதோ? தையல் எட்டெட்டா இருந்ததோ, நெருக்கமா இருந்ததோ?"

எனக்குத் தெரியவில்லை. நிறம்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. பார்த்தேன், மனம் கலங்கி நின்றேன், ஆனால் பார்க்கவில்லை. கையால் தைத்திருந்தால் அது வீட்டில் ஒரு மனிசி, இரவில், விளக்கடியில். மெசின் என்றால் அது வேறு கதை. அந்த ஒரு கேள்விக்குள் ஒரு முழு வீடு இருந்தது, நான் வாசலோடு திரும்பி வந்துவிட்டேன். அடுத்தடுத்த நாட்களில் இரண்டு தடவை அதே தெருவுக்குப் போய் நின்றேன். அவரைக் காணவில்லை. இரண்டாம் முறை வருகிற வழியில் மலிபன் வீதியில் ஒரு கொப்பி வாங்கிக் கோட்டை ரயில் நிலையத்து வாங்கில் இருந்து எழுதத் தொடங்கினேன். அந்தக் கதை இப்போது முடிந்துவிட்டது. அதில் கரை கையால்தான் தைக்கப்பட்டிருக்கிறது.

ஊருக்கு வந்த பிறகு ஏழாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை முதுகைக் காட்டி இருக்க, மற்றப் பிள்ளை யன்னலுக்கு வெளியே தெரிவதைச் சொல்ல வேண்டும், கேட்கிற பிள்ளை கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கலாம். "மாமரம் பசுமையாகக் காட்சியளிக்கிறது" என்றுதான் எல்லோரும் தொடங்கினார்கள், அது நாங்கள் கட்டுரைக்குப் பழக்கிவிட்ட வசனம். மூன்றாவது கேள்வியில் அந்த வசனம் உடைந்துவிடும். கட்டுரைக் கொப்பியில் நாலு வரிக்கு மேல் எழுதாத ஒரு பெடியன், மரத்தில் தளிர் ஒரு பக்கம் மட்டும் சிவப்பாக இருக்கிறது, கிணற்றடிப் பக்கம், அங்கேதான் தண்ணி ஊத்துறவை என்றான். எத்தனை வருஷம் அந்த மரத்தின் கீழ் சைக்கிளை விட்டிருப்பேன்!

சரி, கண்ணுக்கு வருகிறேன். ஒப்பரேஷனுக்கு மறுநாள் காலை மூடியை எடுத்தார்கள். அம்மா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். என்னைப் பார்ப்பார் என்று நான் முன்னால் போய் நின்றேன். அவர் தன் மடியைத்தான் பார்த்தார்.

"இது என்ன நிறம்?"

அவர் உடுத்திருந்தது நான் இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த சீலை. கத்தரிப்பூ நிறம். வாங்கிக் கொடுத்த அன்று தடவிப் பார்த்துவிட்டு "நல்ல மண் நிறம்" என்று சொன்னவர், நான் அதைத் திருத்தவில்லை. சின்ன விஷயம்தானே, ஏன் வீணாக மனம் நோகவேண்டும் என்று விட்டுவிட்டேன். புரை முற்றிய லென்ஸ் மஞ்சளும் பழுப்புமாகிவிடும், நீலத்தை உள்ளே விடாது, அதனால் நீலமும் ஊதாவும் மண்ணும் கறுப்புமாகத் தெரியும் என்று டொக்டர் விளக்கினார். புது லென்ஸ் வைத்ததும் பலருக்கு முதலில் கண்ணைப் பறிக்கிறது நீலம்தானாம். அம்மா அவரைக் கவனிக்கவே இல்லை. முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தரிப்பூ எண்டு நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார், கோபம் இல்லாமல். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

எட்டாம் நாள் திரும்பக் காட்டிவிட்டு, கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ரயில் ஏறினோம். கறுப்புக் கண்ணாடியோடு அம்மா யன்னலோரம், நான் பக்கத்தில். வாசலில் சனம் தொங்கிக்கொண்டு வந்தது, எனக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஆட்களின் முழங்கையும் பைகளும்தான். கொம்பனித்தெரு போனது, கொள்ளுப்பிட்டி போனது, காற்றில் உப்பு வந்தது. கடல் வந்துவிட்டது என்று தெரிந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்தபடி கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. பம்பலப்பிட்டியும் கழிந்தது.

பொறுக்க முடியாமல், "என்னம்மா தெரியுது?" என்று கேட்டேன்.

"பொறு பிள்ளை," என்றார். "பாத்து முடியட்டும்."