நெட்டாலுக்குப் போன தம்பி

ஜனவரி 21, 2024

பெரியப்பாவின் டிஎன்ஏ சோதனை காட்டும் உறவினர் பட்டியலில் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு அக்கா, அறுபதை நெருங்கும் வயது. பெரியப்பாவோடு 96 சென்டிமார்கன் (டிஎன்ஏ எவ்வளவு பொதுவாக இருக்கிறது என்று அளக்கும் அலகு) ஒத்துப்போகிறது, என்னோடு 58. பெரியப்பா ஆஸ்டினில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது எச்சில் கொடுத்த சோதனை இது, இரண்டு வருஷமாக யாரும் எட்டிப்பார்க்கவில்லை, திடீரென்று இப்படி.

எங்கள் வீட்டில் சொல்வார்கள், பெரியப்பாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார், கடன்காரனுக்குப் பயந்து கப்பலேறி ஓடிப்போய்விட்டார் என்று. பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள். ஓடிப்போனவன், அவ்வளவுதான்.

ஜனவரி 28

96 என்ற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. மேல்நாட்டுக் கணக்கில் மூன்றாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவு (கொள்ளுத்தாத்தாக்கள் அண்ணன் தம்பி) என்றால் சராசரி 70 சொச்சம்தான் வரும், அதே உறவில் பத்தில் ஒருவருக்கு ஒன்றுமே ஒத்துப்போகாமலும் இருக்கலாம். ஆனால் நம் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள், அதனால் ஒரே சாதி, ஒரே வட்டாரம் என்றாலே சின்னச் சின்னத் துண்டுகளாகச் சேர்ந்து எண் ஏறிவிடும். நெருங்கிய உறவே இல்லாதவர்கூட நெருக்கமாகத் தெரிவார். அதனால் மொத்தத்தைவிட, மிக நீளமான துண்டு எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு பேருடைய கோப்புகளையும் டிஎன்ஏ ஒப்பிடும் தளமான ஜெட்மேட்சில் ஏற்றி ஒப்பிட்டேன். ஒரு துண்டு மட்டும் 37 சென்டிமார்கன் இருக்கிறது. பழங்காலத்து எச்சங்கள் இவ்வளவு நீளமாக உடையாமல் வருவது அரிது. உறவு உண்மைதான் என்று தோன்றுகிறது. ஆனால் அப்பா வழியா அம்மா வழியா, எந்த ஊர், யார் மூலம் என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

பிப்ரவரி 11

அக்காவோடு வாட்ஸ்அப்பில் இரண்டு மணி நேரம். தமிழ் பேச வராது, ஆனால் பாட்டி சொல்லிக்கொடுத்த மாரியம்மன் தாலாட்டில் நாலைந்து வரி தெரியும், பாடிக் காட்டினார். தகப்பன் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக அங்கே ஒட்டிக்கொண்டதால், கப்பலில் வந்தவரின் பெயர் இன்றும் இவருடைய பெயருக்குப் பின்னால் இருக்கிறது. குடும்பத்தில் சொல்லிவந்தது இரண்டே விஷயம். வந்தவருக்கு ஒரு அண்ணன் உண்டு. குலதெய்வம் "படவீடு அம்மா".

எங்களைப் போன்ற போளூர் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? படவீடு என்பது எங்கள் பக்கத்துப் படவேடுதான், அங்கே இருக்கும் ரேணுகாம்பாள்தான் எங்களுக்கும் குலதெய்வம்.

பிப்ரவரி 18

நெட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் அன்றைய பிரிட்டிஷ் காலனிக்கு, ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்கள் நல்லவேளையாக அழியாமல் இருக்கின்றன. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள், மூன்றில் இரண்டு பங்கு நம் சென்னை மாகாணத்து ஆட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். ஆளை எடை போட்டு அனுப்பத்தான் எழுதினார்கள், ஆனால் பெயர் இல்லாமல் மறைந்துபோயிருக்க வேண்டியவர்களை நாம் கண்டுபிடிக்க இன்றைக்கு அதுதான் கைகொடுக்கிறது.

கிடைத்துவிட்டார். 1882, வயது 22, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர். தகப்பன் பெயர் எங்கள் வம்சாவளியில் இருப்பதே. இடது புருவத்தில் தழும்பு. தழும்பைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதுவரை அவர் ஒரு கதைதான், அதற்கப்புறம் ஒரு பையன்.

சிக்கல் ஊர்ப் பெயரில். எங்கள் ஊரும் பக்கத்து ஊரும் ஒரே பெயர், முன்னால் மேல், கீழ் என்று வைத்துத்தான் பிரித்துச் சொல்வோம். பட்டியலில் மேலும் இல்லை கீழும் இல்லை. அந்தத் தகப்பன் பெயரோ அந்தக் காலத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருந்திருக்கும். இனி நிலப் பதிவுதான் சொல்ல வேண்டும்.

மார்ச் 10

ஆன்லைனில் பட்டா, சிட்டா எல்லாம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம், அது இன்றைய உரிமையாளரோடு நின்றுவிடும். கிராமத்து நிலப் பதிவேடான ஏ பதிவேடும் 1980களின் யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) வரைதான் கைபிடித்துக் கூட்டிப்போகும். அதற்கு முன்னால் போக ரீசர்வே (மறு அளவை) பதிவேடு வேண்டும், அதற்கும் முன்னால் நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய பழைய செட்டில்மென்ட் பதிவேடு. சர்வே எண்கள் நடுவில் மாறியிருக்கும், எனவே பழைய எண்ணுக்கு எது புதிய எண் என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலும் வேண்டும். இதையெல்லாம் தலைகீழாகத் தெரிந்து வைத்திருந்த கர்ணங்கள், ஊர்க் கணக்குப்பிள்ளைகள், 1980-இல் போய்விட்டார்கள். அந்தப் பரம்பரைப் பதவி ஒழிந்தது நல்லதுதான், ஆனால் கணக்குகளைப் படிக்கத் தெரிந்த கண்களும் கூடவே போயின.

நகல் மனு போட்டிருக்கிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் போய் வந்தேன். 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர், அப்புறம்தான் வேலூர், ஆகவே எந்தக் காகிதம் எங்கே போயிருக்கும் என்று ஊகிப்பதே தனி வேலை.

ஏப்ரல் 21

நகல்கள் வந்தன. செட்டில்மென்ட் பதிவேட்டில் எங்கள் ஊரில், பெயருக்கு முன்னால் மேல் இருக்கும் ஊரிலேயே, 4 ஏக்கர் 12 சென்ட் புஞ்சை, கூட்டுப் பட்டா. முதல் பெயர் பெரியப்பாவின் கொள்ளுத்தாத்தா. இரண்டாவது பெயர், கப்பல் பட்டியலில் இருக்கும் அதே பெயர்.

ரீசர்வே பதிவேட்டில் அந்த நிலம் இரண்டு உட்பிரிவாகிவிட்டது. 2 ஏக்கர் 6 சென்ட் அண்ணன் பெயரில். மீதி 2 ஏக்கர் 6 சென்ட் வேறு குடும்பத்து ஆள் பெயரில். சரிபாதி. தம்பியின் பாகம்தான் போயிருக்கிறது.

மே 19

போளூர் சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய அட்டவணையில் வாங்கியவர் பெயரை வைத்துத் தேடி, 1884-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தின் நகலை எடுத்தேன். புள்ளி இல்லாத எழுத்து, தமிழ் எண்கள், வரிக்கு வரி ௸ (மேற்படி). ஊரில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் விரல் வைத்துப் படித்துச் சொன்னார்.

தாது வருஷப் பஞ்சத்தில் தகப்பனார் வாங்கிய கடன். வட்டியும் முதலுமாகப் பெருகி நிற்கிறது. தம்பி நெட்டாலுக்குப் போகும் முன்னமே தன் பாகத்தை அந்தக் கடனுக்கென்று ஒப்புக்கொடுத்துப் போயிருக்கிறார், அதன்படி அண்ணன் கிரயம் செய்கிறார். அப்புறம் சக்குபந்தி (நிலத்தின் நான்கு எல்லைகள்), சாட்சிகள்.

1876-78 பஞ்சத்துக் கடன், 1882-இல் கப்பல், 1884-இல் கிரயம். இவர் எங்கே ஓடினார்? தன் நிலத்தைக் கொடுத்துக் கடனை அடைத்துவிட்டு, மாதம் பத்து ஷில்லிங் கூலிக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கரும்புக்காட்டுக்குப் போயிருக்கிறார். அண்ணனின் பாதி தப்பியது, அந்த 2 ஏக்கர் 6 சென்ட்டில்தான் எங்கள் வீட்டில் நாலு தலைமுறை சாப்பிட்டது. பத்து வருஷம் முடித்தவர்களுக்குத் திரும்பிவர இலவசப் பயணம் உண்டு, 1892-இல் அவர் வந்திருக்கலாம். எந்த நிலத்துக்கு வருவார்? நாலு தலைமுறையாக அவரை ஓடிப்போனவன் என்று சொன்னது அநியாயம்.

மே 26

அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர்கள் கதையைச் சொன்னார். கப்பலில் வந்தவர் ஒப்பந்தம் முடிந்ததும் டர்பனில் இருக்கும் கேட்டோ மேனரில் குத்தகைக்குக் காய்கறி போட்டிருக்கிறார். மகன் காலத்தில் சின்னதாக ஒரு மனை சொந்தமானது. இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டம் வந்து அதையும் காலி செய்யவைத்து, 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மனையின் பத்திரம் இன்னும் தகரப் பெட்டியில் இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 4

ஒய் குரோமோசோம் முடிவு வந்தது. அது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவதால் அக்காவின் தம்பியும் பெரியப்பாவும் கொடுத்தார்கள். ஒப்பிட்ட 37 குறியீடுகளில் 36 ஒரே மாதிரி. இதை மட்டும் வைத்து அண்ணன் தம்பி என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கப்பல் பட்டியல், கூட்டுப் பட்டா, பத்திரம் இவற்றோடு சேர்த்து வைத்தால் எனக்குச் சந்தேகமில்லை. பெரியப்பா முறை கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த அம்மா அவருக்குத் தங்கை, அதனால் எனக்கு அக்கா இல்லை, அத்தை. அத்தைக்கு அதைக் கேட்டு ஒரே சிரிப்பு.

வம்சாவளியில் தம்பியின் பெயரை அண்ணனுக்குப் பக்கத்தில் எழுதி, கீழே அவர்கள் கிளை முழுவதையும் சேர்த்து எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பினேன். பத்திர நகலையும்தான், யாரும் இனி பழைய கதையைச் சொல்லக் கூடாது. அத்தை குடும்பம் அடுத்த ஆடி வெள்ளிக்குப் படவேடு வருகிறது. அதற்குள் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் கப்பலேறிய தம்பியின் இறப்புக்குப் பிந்தைய சொத்துக் கோப்பு இருக்கிறதா என்று அத்தை விண்ணப்பிக்கிறார், நான் கிரயத்தில் சாட்சி போட்டவர்களின் குடும்பங்களை ஊரில் விசாரிக்கிறேன்.