டெட்ராய்ட் லயன்ஸ் 2024: 15 வெற்றி, பிளேஆஃபில் பூஜ்யம்

2024 சீசனில் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான டெட்ராய்ட் லயன்ஸ் 17 ஆட்டத்தில் 15-ஐ ஜெயித்தது. எடுத்த புள்ளி 564. அந்த வருஷம் என்.எஃப்.எல். லீகில் அதைத் தாண்டியவர் யாரும் இல்லை. அப்படிப்பட்ட அணி 2025 ஜனவரி 18, சனிக்கிழமை இரவு, சொந்த மைதானமான ஃபோர்ட் ஃபீல்டில் வாஷிங்டன் கமாண்டர்ஸிடம் 45-31 என்று தோற்றது. பிளேஆஃபில், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்அவுட் சுற்றில், ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான்.

குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜாரெட் காஃப் சொதப்பிவிட்டார் என்பதுதான் பொதுவான தீர்ப்பு. அன்றைக்கு லயன்ஸ் ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தது. அதில் நான்கு காஃப் கணக்கு. மறுக்க முடியாது. ஆனால் நவம்பரில் ஹூஸ்டனில் இதே காஃப் ஐந்து இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்துக்கொண்ட எறி) வீசினார். பாதி ஆட்டத்தில் 23-7 என்று பின்தங்கியும் லயன்ஸ் கடைசியில் 26-23 ஜெயித்தது. காரணம், இரண்டாம் பாதியில் ஹூஸ்டன் அணியான டெக்ஸன்ஸுக்கு லயன்ஸின் டிஃபன்ஸ் (தடுப்பு அணி) ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. குவார்ட்டர்பேக்கின் கெட்ட நாளைத் தாங்கிய அந்த டிஃபன்ஸ் ஜனவரியில் இல்லை. அது எப்படிக் கரைந்தது, கரைந்ததை ஏன் நிரப்ப முடியவில்லை என்பதில்தான் இந்த சீசனே இருக்கிறது.

முதலில் அட்டவணை. 17 ஆட்டத்தில் 14 எல்லா அணிக்கும் சுழற்சியில் வருவது: சொந்த டிவிஷனில் (நான்கு அணிகளின் குழு) மற்ற மூன்று அணிகளோடு தலா இரண்டு, வேறு இரண்டு டிவிஷன்களோடு நான்கு நான்கு. மிச்சம் மூன்று, போன வருஷம் நீங்கள் எந்த இடத்தில் முடித்தீர்களோ அதே இடத்தில் முடித்தவர்களோடு. 2023-இல் தன் டிவிஷனான என்.எஃப்.சி. நார்த்தில் லயன்ஸ் முதலிடம். ஆகவே 2024-இல் அந்த மூன்று எதிரிகள் கவ்பாய்ஸ், பக்கனியர்ஸ், பில்ஸ், மூவருமே டிவிஷன் ஜெயித்தவர்கள். லயன்ஸ் தோற்ற இரண்டு ஆட்டமும் இந்த மூன்றில்தான் வந்தது: இரண்டாம் வாரம் பக்கனியர்ஸிடம் 20-16, பதினைந்தாம் வாரம் பில்ஸிடம் 48-42. சுழற்சியில் வந்த பதினான்கையும் ஜெயித்தாயிற்று.

ஓய்வு வாரம் ஐந்தாவதிலேயே வந்து போய்விட்டது. அந்த சீசனில் அதற்கு முன்னால் எந்த அணிக்கும் ஓய்வு கிடைக்கவில்லை. அத்தனை சீக்கிரம் வந்தால் மிச்சம் 13 ஆட்டத்தையும் மூச்சு விடாமல் ஆட வேண்டும். போதாக்குறைக்கு நவம்பர் 24, 28, டிசம்பர் 5 என்று பன்னிரண்டு நாளில் மூன்று ஆட்டம். இதில் நவம்பர் 28-இன் தேங்ஸ்கிவிங் (அமெரிக்க நன்றி தெரிவிக்கும் நாள்) ஆட்டம் டெட்ராய்ட்டுக்கு வருஷா வருஷம் உண்டு என்பதால் அதைப் புகாராகச் சொல்வதில் அர்த்தமில்லை.

இப்போது ஆள் கணக்கு. பட்டியலில் 53 பேர். தனியாக 16 பேர் பிராக்டிஸ் ஸ்குவாடில் (பயிற்சிக்கு வைத்திருக்கும் கூடுதல் ஆட்கள்). ஆட்டத்துக்கு முன் அங்கிருந்து இரண்டு பேரை மேலே ஏற்றலாம், ஆனால் ஒரே ஆளை சீசனில் மூன்று தடவைதான். நான்காவது தடவை வேண்டுமென்றால் 53-க்குள் சேர்த்தாக வேண்டும், அதற்கு வேறொருவரை வெளியே தள்ள வேண்டும். ஆட்டத்தன்று உடுத்தி நிற்பவர்கள் அதிகபட்சம் 48, அதுவும் எட்டு பேர் அஃபன்ஸ் லைன்மேன்களாக (குவார்ட்டர்பேக்குக்கு அரணாக நிற்பவர்கள்) இருந்தால், இல்லையென்றால் 47. இன்ஜூர்டு ரிசர்வில் (அடிபட்டவர்கள் பட்டியல்) போட்டவர் குறைந்தது நான்கு ஆட்டம் வர முடியாது. திரும்பப் பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் அவரை 53-இல் சேர்க்காவிட்டால் அந்த சீசன் அவருக்கு முடிந்தது. வழக்கமான சீசனில் இப்படித் திரும்பக் கொண்டுவர ஓர் அணிக்கு எட்டு வாய்ப்புதான். ஏழெட்டு பேர் அடிபட்டாலே இந்த எண்கள் ஒன்றோடொன்று இடிக்க ஆரம்பிக்கும். லயன்ஸ் டிஃபன்ஸில் அடிபட்டவர்கள் அதைவிட அதிகம்.

வரிசையாகப் பாருங்கள். மூன்றாம் வாரம் அரிசோனாவில் டெரிக் பார்ன்ஸ், மார்கஸ் டாவன்போர்ட். ஆறாம் வாரம் டாலஸில் ஐடன் ஹட்சின்சனுக்குக் காலில் இரண்டு எலும்பும் முறிந்தது. ஐந்து ஆட்டத்தில் அவர் எடுத்திருந்த சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) 7.5. சீசன் முடியும்போதும் அணியில் அதுதான் அதிகம். பதினோராம் வாரம் அலெக்ஸ் அன்சலோனுக்கு முன்கை. தேங்ஸ்கிவிங் அன்று மால்கம் ராட்ரிகஸுக்கு முழங்கால். பதினைந்தாம் வாரம் பில்ஸுக்கு எதிரான ஒரே மாலையில் அலிம் மெக்னீல், கார்ல்டன் டேவிஸ், கலில் டோர்ஸி மூவரும்.

இதில் எண்ணிக்கையைவிடத் தேதிதான் முக்கியம் என்பது என் கட்சி. 2024-இல் ட்ரேடுக்கு (அணிகளுக்குள் ஆள் மாற்றிக்கொள்வது) கடைசி நாள் நவம்பர் 5, அதாவது ஒன்பதாம் வாரம் முடிந்த செவ்வாய். ஹட்சின்சன் அடிபட்டது அக்டோபர் 13. தேட மூன்று வாரம் இருந்தது. கடைசி நாளில் கிளீவ்லாண்டிலிருந்து ஸதாரியஸ் ஸ்மித்தை வாங்கினார்கள். ஹட்சின்சனுக்கு ஈடு இல்லை, ஆனாலும் ஓட்டையை அடைக்கப் போதுமான ஆள். மெக்னீலும் டேவிஸும் விழுந்தது டிசம்பர் 15. அப்போது ட்ரேட் கதவு மூடி நாற்பது நாள்.

அந்தத் தேதிக்குப் பிறகு மூன்று வழிதான். ஒன்று, வெய்வர்: யாரையாவது ஓர் அணி கழற்றிவிட்டால் உரிமை கோரலாம். ஆனால் முன்னுரிமை மோசமான அணியிலிருந்து தொடங்கும். 12 வெற்றி, 2 தோல்வி என்று இருந்த அணி வரிசையின் வாலில் நிற்கும். நல்ல ஆள் அதுவரை மிஞ்ச மாட்டார். ட்ரேட் தேதி தாண்டிவிட்டால் அனுபவசாலிகளும் இதே வரிசை வழியாகத்தான் வர முடியும். இரண்டு, வீட்டில் சும்மா இருக்கும் ஃப்ரீ ஏஜென்ட். குவான் அலெக்ஸாண்டர், ஜமால் ஆடம்ஸ் எல்லாம் அப்படி வந்தவர்கள். மூன்று, இன்னொரு அணியின் பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்து கொத்துவது. அவரை நேராக 53-இல் வைக்க வேண்டும், மூன்று வாரத்துக்கு அந்த இடம் அவருக்கே. இடமே இல்லாத அணிக்கு இது விலை கூடிய வழி.

பணத்தையும் சொல்லிவிடலாம். 2024 சம்பள வரம்பு 25.54 கோடி டாலர். அந்த வருஷ ஏப்ரல், மே மாதங்களில் காஃபுக்கு நான்கு வருஷத்துக்கு 21.2 கோடி, அமான்-ரா செயின்ட் பிரவுனுக்கு 12 கோடி, பெனே சூவலுக்கு 11.2 கோடி என்று நீட்டிப்பு ஒப்பந்தங்கள். மூவரும் அஃபன்ஸ், அதாவது தாக்குதல் அணி. தவறு என்று சொல்ல மாட்டேன். 564 புள்ளி அங்கிருந்துதான் வந்தது.

அப்போதைய டிஃபன்ஸ் பயிற்சியாளர் ஆரன் க்ளென் இந்த நிலைமையை பிளிட்ஸ் வைத்துச் சமாளித்தார். நான்கு பேர் பாய்ந்து குவார்ட்டர்பேக்கை எட்ட முடியவில்லையென்றால் ஐந்தாவது, ஆறாவது ஆளை அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் பின்னால் ஒவ்வொரு ரிசீவருக்கும் (பந்தைப் பிடிப்பவர்) அவரைக் காவல் காக்க ஒரே கார்னர்பேக்தான், துணையில்லை. பதினெட்டாம் வாரம் மினசோட்டாவிடம் இது அழகாகப் பலித்தது. இரு அணியும் 14-2, ஜெயிப்பவருக்கு முதல் இடமும் ஒரு வார ஓய்வும். மினசோட்டா குவார்ட்டர்பேக் சாம் டார்னால்ட் 41 எறியில் 18-ஐத்தான் சேர்த்தார், லயன்ஸ் 31-9. கை குணமாகி அன்சலோன் திரும்பியதும் அந்த ஆட்டத்தில்தான். கார்னர்பேக் டேவிஸ் இல்லாத இடத்தில் நின்ற அமிக் ராபர்ட்சன் மினசோட்டா ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனைக் கட்டிப்போட்டார்.

வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் வேறு ரகம். பிளிட்ஸ் வந்தால் நின்று எறிவார், இடைவெளி தெரிந்தால் ஓடிவிடுவார். 299 கஜம் எறிந்தார், 51 கஜம் ஓடினார். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ராபர்ட்சனுக்குக் கை ஒடிந்தது. டேவிஸ் இடத்துக்கு வந்த மாற்று ஆளுக்கும் மாற்று ஆள் தேவைப்பட்டது. பிளிட்ஸை நிறுத்தினால் டேனியல்ஸுக்கு நேரம் கிடைக்கும், நிறுத்தாவிட்டால் புது ஆள் தனியாக மாட்டிக்கொள்வார். க்ளெனுக்கு இரண்டில் எது சரி என்று வெளியிலிருந்து சொல்வது சுலபமில்லை.

நான்காவது குவார்ட்டர் தொடக்கத்தில் லயன்ஸ் மூன்று புள்ளிதான் பின்னால். டச் டவுன் கோட்டுக்கு ஐந்து கஜத்தில் வாஷிங்டனுக்கு நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி, இரண்டு கஜம் தேவை. நிறுத்தினால் ஆட்டம் திரும்பும். அந்த நேரத்தில் லயன்ஸ் களத்தில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கொடி பறந்தது, வாஷிங்டனுக்கு முதல் டவுன் (புதிதாக நான்கு முயற்சி) கிடைத்தது, அடுத்து பிரையன் ராபின்சன் உள்ளே ஓடினார். 38-28.