தீவுத் தாவரப் பரிணாமம்: ஒரே கூட்டத்தைப் பிடித்துப் படியுங்கள்

எம்.எஸ்சி. தாவரவியலில் பரிணாம மரம் (யார் யாருக்கு உறவு என்று காட்டும் கிளைப்படம்) என்ற பாடம் வந்ததுமே பலர் வரையறைகளை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் ஹவாய்த் தீவுகளின் சில்வர்ஸ்வார்ட் என்ற செடிக் கூட்டத்தை எடுத்து முழுதாகப் படியுங்கள். செமினாருக்கும் சரி, நெட் தேர்வுக்கும் சரி, எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

சூரியகாந்திக் குடும்பம், 3 பேரினங்கள், சுமார் 30 இனங்கள். ஹலேயாகலா எரிமலைச் சரிவில் வெள்ளி மயிர் போர்த்திய இலைகளோடு பல்லாண்டு நின்று, ஒரே முறை பூத்து மடிகிற செடி இதில்தான் வருகிறது. மரமும் கொடியும்கூட உண்டு. பார்வைக்கு உறவே தெரியாது. 1991-இல் புரூஸ் பால்ட்வின் குழு பசுங்கணிக (செல்லில் பச்சையம் இருக்கும் உறுப்பு) டிஎன்ஏவை ஒப்பிட்டு, இவற்றின் சொந்தம் கலிஃபோர்னியாவின் டார்வீட் செடிகள் என்று காட்டியது. இடையில் கிட்டத்தட்ட 4,000 கி.மீ. கடல்!

பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியில் வருவது. இந்தச் செடிகளோ தங்களுக்குள் சுலபமாகக் கலந்துவிடும். அதனால் பசுங்கணிக டிஎன்ஏவை வைத்து வரைந்த மரமும், இரு பெற்றோர் வழியிலும் வருகிற உட்கரு டிஎன்ஏவை வைத்து வரைந்த மரமும் சில இடங்களில் ஒத்துப்போகாது. அந்த இடங்களில்தான் அதிக நேரம் செலவிடுங்கள். பழைய கலப்பின் தடம் அங்கேதான் கிடைக்கும்.

அப்புறம், கையால் செய்து பாருங்கள். ஜென்பேங்க் என்ற இணையத் தரவுத்தளத்தில் ஐடிஎஸ் (உட்கரு டிஎன்ஏவின் ஒரு பகுதி) வரிசைகள் இலவசம், மரம் வரைகிற மெகா மென்பொருளும் இலவசம். வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதும் மரத்துக்கு ஓடாதீர்கள். ஹவாய்ச் செடிகள் அனைத்திலும் G, டார்வீட்களில் எல்லாம் A என்று டிஎன்ஏ எழுத்து நிற்கும் செங்குத்துப் பத்தி கிடைத்தால் அது ஒரு குழுவைக் கட்டுகிறது. ஒரே ஒரு இனத்தில் மட்டும் எழுத்து மாறியிருந்தால், யார் யாருக்கு நெருக்கம் என்று அது சொல்லாது. இந்த வேறுபாடு கண்ணில் பட்டுவிட்டால் பார்சிமனி (மிகக் குறைந்த மாற்றங்கள் கொண்ட மரத்தைத் தேர்வது) கேள்விகள் பயமுறுத்தாது.

காலக்கணிப்பில் கவனம் தேவை. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவுக்கு வயது சுமார் 50 லட்சம் ஆண்டு, ஹவாய்ப் பெருந்தீவுக்குப் 10 லட்சத்துக்கும் குறைவு. தீவின் வயதையே செடியின் வயதாக வைத்துக் கணக்குப் போட்டால், நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டதாகிவிடும். 1998-இல் பால்ட்வினும் சாண்டர்சனும் வட அமெரிக்காவின் பழங்காலக் காலநிலை மாற்றத்தை அளவுகோலாக வைத்தார்கள். அதன்படி கூட்டத்தின் பொது மூதாதைக்கு அதிகபட்ச வயது சுமார் 52 லட்சம் ஆண்டு. விடைத்தாளில் எண்ணை மட்டும் எழுதாமல், அளவுகோல் தீவுக்கு வெளியே இருந்து வந்ததையும் சேர்த்து எழுதுங்கள்.